எலாஸ்டிக் வைத்த டை

எங்கள் ஆபீசில் ஒரு நாள் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. வேலைக்கு டை கட்டிக்கொண்டு வருவது இந்தக் காலத்துக்குத் தேவைதானா, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லுங்கள் என்று எச்.ஆர். பெண் கேட்டிருந்தாள். திங்கட்கிழமை மட்டும் ஆண்கள் டை கட்ட வேண்டும் என்று எங்களிடம் ஒரு சட்டம் இருந்தது. யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. எண்ணூர் போகிற சாலையில், கன்டெய்னர் வண்டிகள் கிளப்பும் புழுதியில், காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிற ஊரில், டை கட்டி யாரை மயக்கப் போகிறோம்? நான் பெண், எனக்கு டை கிடையாது. இருந்தும் முதல் ஆளாக 'இல்லை' என்று தட்டினேன். எதையாவது வேண்டாம் என்று சொல்லக் கூப்பிட்டால் நான் எப்போதும் முன்வரிசையில் நிற்பேன்.

எல்லோரும் இல்லை என்றே சொல்லியிருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் காலர் வைத்த டி-ஷர்ட்டில் வந்தார். பக்கத்து சீட் ஆள் தன் டையை எடுத்துப் பழைய ஃபைல் கட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். இத்தனை வருஷத்தில் அந்த டை செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான் என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று காலை ஆபீசுக்கு வரும்போது நான் இன்னொன்றையும் பார்த்திருந்தேன். கேட்டில் என் அப்பா டை கட்டி நின்றுகொண்டிருந்தார்.

அப்பா எப்படி அங்கே வந்தார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு காலடிப்பேட்டையில். அப்பா திருவொற்றியூரில் இரும்பு வார்க்கிற ஒரு ஃபவுண்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். ஃபவுண்டரியை மூடினார்கள். அதன்பிறகு கொஞ்ச காலம் வீட்டில் உட்கார்ந்து டிவியோடு சண்டை போட்டார், பிறகு அம்மாவோடு. இரண்டிலும் ஜெயிக்க முடியாமல் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் போய்ச் சேர்ந்தார். அவர்கள் ஊர் உலகத்தில் இத்தனை கேட் இருக்க, என் ஆபீஸ் கேட்டிலேயே அவரை நிறுத்தினார்கள். ஹார்பரிலிருந்து வரும் கன்டெய்னர்களை இறக்கி வைத்து, திறந்து, சரக்கைப் பிரித்துக் கொடுக்கிற யார்டு அது. அந்தச் சரக்குகளுக்கான பேப்பர் வேலை என்னுடையது.

முதல் நாள் எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா வாட்ச்மேன் என்பதால் இல்லை. அவர் எனக்கு சல்யூட் அடித்ததால். "குட் மார்னிங் மேடம்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல். வீட்டில் நான் அவரை நைனா என்று கூப்பிடுவேன், அவர் என்னைக் கண்ணு என்பார். அன்று மாலை வெளியே போகும்போது எல்லோர் பையையும் சோதிப்பது போல என் பையையும் வாங்கித் திறந்தார். டிபன் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். காலையில் அதை மூடி அழுத்திக் கொடுத்ததே அவர்தான்.

ஸ்கூட்டியில் பின்னால் உட்காருங்கள், சேர்ந்தே போகலாம் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். வர மாட்டார். "மேடம் பின்னால செக்யூரிட்டி குந்திகினு வந்தா கேட்டுல இன்னா மரியாத கீது?" என்பார். எனக்கு ஒரு மணி நேரம் முன்னால் சைக்கிளில் கிளம்பிப் போவார். வழியில் அவரைத் தாண்டிப் போகாமல் இருப்பதற்காக நான் வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்புவேன்.

டை விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிக்காரர்கள் யார்டைப் பார்க்க வருகிறார்கள் என்று பேச்சு. வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கேட்டைத்தானே, அங்கே ஒரு கம்பீரம் வேண்டும் என்று ஏஜென்சி சூப்பர்வைசர் ஆளுக்கொரு கருநீல டை கொடுத்துவிட்டார். முடிச்செல்லாம் போட வேண்டாம், முடிச்சு போட்டபடியே தைத்து, கழுத்தைச் சுற்ற எலாஸ்டிக் வைத்தது. எல்.கே.ஜி. பிள்ளைகள் கட்டுகிற அதே ஜாதி, கொஞ்சம் பெரிய சைஸ். சட்டையின் மேல் பட்டனையும் கட்டாயம் போட வேண்டும் என்று உத்தரவு. எச்.ஆர். பெண்ணின் மெயில் அவர்களுக்குப் போகவில்லை. அவர்கள் ஏஜென்சி ஆட்கள், எங்கள் லிஸ்டில் கிடையாது.

இப்போது யார்தான் டை கட்டுகிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. எங்கள் தெருவில் நான்கு வயதுப் பிள்ளைகள் கட்டுகின்றன. கிளினிக் வாசலில் பையோடு காத்திருக்கிற மருந்துக் கம்பெனி ஆட்கள் கட்டுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் சாம்பார் வாளியைத் தூக்குகிறவர்கள் கட்டுகிறார்கள். அதிகாரம் செய்கிறவன் எவன் கழுத்திலும் இப்போது டை இல்லை. அது மெதுவாக இறங்கி வந்து கேட்டில் நிற்கிறது.

அப்பாவிடம் இதைச் சொல்ல முடியுமா? அன்று சாயந்திரம் அவர் யூனிஃபார்மைக் கழற்றாமல் வந்து அம்மா முன்னால் நின்றார்.

"இன்னாம்மே, ஸோக்கா கீதா? ஆபீசர் கணக்கா?"

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "மாடு கணக்கா கீற. கழுத்துல கயிறு ஒண்ணுதான் கொறச்சலா இருந்துச்சு. அதையும் கட்டிவுட்டுட்டானுங்களா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. என் பக்கம் திரும்பி ஃபவுண்டரிக் கதை சொல்ல ஆரம்பித்தார். டை கட்டிய இன்ஜினியர்கள் மெஷின் பக்கம் வந்தால், இரண்டாவது பட்டனுக்கும் மூன்றாவது பட்டனுக்கும் நடுவில் டையின் நுனியை உள்ளே சொருகிக்கொள்வார்களாம். "பெல்ட்டுல மாட்டுச்சின்னா டையோட ஆளையும் இஸ்துகினு பூடும் கண்ணு. முப்பது வருசம் அத்த பாத்துகினே இருந்தேன். நமக்கும் ஒரு நாளு டை வந்தா இப்டிதான் சொருவணும்னு நெனச்சிக்குவேன்." சொல்லிக்கொண்டே தன் டையை எடுத்து அதே இடத்தில் சொருகிக் காட்டினார். கேட்டிலும் அப்படித்தான். டிரெய்லருக்கு அடியில் கம்பில் மாட்டிய கண்ணாடியை நீட்டிக் குனிந்து பார்க்கும்போதெல்லாம் டையை உள்ளே தள்ளிவிடுவார். "டை வெளிய தெரியணும் பெரியவரே, ஒளிச்சி வைக்கவா குடுத்தோம்?" என்று சூப்பர்வைசர் ஒரு நாள் சத்தம் போட்டது மாடிக்கே கேட்டது.

என் பிரச்சினை வேறு. அப்பாவின் நுரையீரலில் ஃபவுண்டரி மணல் இருக்கிறது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருக்கிறார். போன மூச்சு திரும்ப வராது, இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு இன்ஹேலர் உண்டு. சாதாரண நாளிலேயே வீட்டில் மேல் இரண்டு பட்டன்களைத் திறந்துவிட்டுத்தான் உட்காருவார். அவரைக் கழுத்து வரை பட்டன் போட்டு, அதன் மேல் எலாஸ்டிக்கும் மாட்டி வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள்.

என் சீட் மாடி ஜன்னலோரம். நேர் கீழே கேட். வண்டி வராத நேரத்தில் அப்பா காலருக்குள் ஒரு விரலை விட்டு இழுத்துப் பிடிப்பார். தோள் இரண்டும் மேலே ஏறும். ஒரு மூச்சு உள்ளே போகும். விரலை எடுப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விரல் போகும். நான் டைப் செய்வதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் இழுக்கும்போது என்னை அறியாமல் நானும் மூச்சை இழுப்பேன்.

"பட்டன அவுத்துட்டு டைய மட்டும் மாட்டிக்கோ நைனா. அது பின்னால கீறது யாருக்குத் தெரியப் போவுது?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியுமில்ல" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கும்போது அந்த டையை எடுத்தேன். எலாஸ்டிக்கை வெட்டி, நடுவில் என் பழைய லெக்கின்ஸிலிருந்து ஒரு துண்டு எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். நீல நூல் வீட்டில் இல்லை, பச்சைதான் இருந்தது. தையல் எனக்கு வராது. ஒரு இன்ச் ஒட்டுக்கு இருபது தையல் போட்டு, அது கம்பளிப்பூச்சி மாதிரி உருண்டு நின்றது. காலரை மடித்துவிட்டால் தெரியாது என்று சமாதானம் செய்துகொண்டேன். காலையில் மாட்டிப் பார்த்த அப்பா கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். அன்று எனக்கு அவர் அடித்த சல்யூட்டில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

ஆனாலும் பட்டன் இருந்தது. மே மாதம் வந்தது. ஒரு மத்தியானம் நான் ஜன்னலில் பார்த்தபோது அப்பாவைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால், தடுப்புக் கம்பியின் தூணுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். ஒரு டிரெய்லர் டிரைவர் குனிந்து தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தான். படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. போய் அவர் பட்டனைத் திறக்கக் கை நீட்டினேன். அப்பா என் கையைத் தள்ளிவிட்டார்.

"போங்க மேடம். சீட்டுக்குப் போங்க. ஒண்ணுமில்ல."

மூச்சு திணறுகிற நேரத்திலும் மேடம். அவரை அப்படியே அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் போல இருந்தது. கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தான், சுற்றி நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே வந்து சீட்டில் உட்கார்ந்து ஒரு மெயில் எழுதினேன்.

இங்கே என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எழுதுகிற ஒவ்வொரு பேப்பரிலும் கடைசியில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொன்ன முதல் பாடம், அந்தக் கட்டத்தில் எதையும் எழுதாதே என்பதுதான். கன்டெய்னர் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே ஒரு அட்டைப்பெட்டியின் மூலை லேசாக நனைந்திருக்கும். சரக்குக்கு உரிய ஆளிடம் வாயால் சொல்லலாம், அவர் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் கட்டத்தில் 'ஈரம்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. முழுப் பெட்டியும் நின்றுவிடும். பார்க்க ஆள் வர வேண்டும், அவர் ஒரு பேப்பர் தர வேண்டும், அதற்கு இன்னொருவர் பேப்பர் தர வேண்டும். எழுதியவரே வந்து அழுதாலும் பெட்டி வெளியே போகாது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான்தான் இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டில் சாப்பிடும்போதும் பீற்றிக்கொள்வேன். என் கையால் ஒரு பெட்டியும் நின்றதில்லை என்பேன்.

அந்த நான்தான் எச்.ஆருக்கு எழுதினேன். 'கேட்டில் நிற்கும் பெரியவருக்கு மூச்சுத் திணறல் இருக்கிறது. அவருக்கு மட்டும் டை வேண்டாம் என்று சொன்னால் நல்லது.' இரண்டே வரி. கூடவே மேனேஜருக்கும் ஒரு காப்பி. வாயால் சொல்லியிருக்கலாம். எச்.ஆர். பெண்ணின் சீட் என் சீட்டிலிருந்து பத்தடி.

அவள் நல்ல பெண். உடனே எழுந்து வந்தாள். அந்தப் பெரியவர் யார் என்று அப்போதுதான் சொன்னேன். "அவர் உங்க அப்பாவாக்கா? இத்தனை நாளா சொல்லவே இல்லையே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கிவிட்டது. இப்பவே பார்க்கிறேன் என்று போய், என் மெயிலை அப்படியே ஏஜென்சிக்கு அனுப்பினாள். ஏஜென்சிக்காரர்கள் டை என்ற வார்த்தையைப் படிக்கவே இல்லை. மூச்சுத் திணறல் என்பதை மட்டும் படித்தார்கள். உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டும், அது வரும்வரை டியூட்டி கிடையாது என்று பதில் வந்தது.

அவர்கள் சொன்ன கிளினிக்குக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு மட்டும் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தார். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். பலமா ஊதுங்க, இன்னும் பலமா என்றாள் நர்ஸ். அப்பா கண்ணை மூடி, முகமெல்லாம் சிவக்க ஊதினார். மெஷின் தன் கணக்கைச் சொல்லிற்று. வெளியில் நின்று பார்க்கிற வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் அந்தக் குரங்கைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் முழுக்க அலைந்தேன். மெயிலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எச்.ஆர். பெண்ணிடம் சொன்னேன். "அது போயிடுச்சேக்கா" என்றாள், அழாத குறையாக. மேனேஜரிடம் உள்ளே உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கேட்டேன். அது ஏஜென்சி விஷயம்மா, நாம தலையிட முடியாது என்றார். ஏஜென்சி சூப்பர்வைசரோ, "உங்க நல்லதுக்குத்தான மேடம், நாளைக்கு கேட்டுல ஏதாவது ஆயிட்டா?" என்றார். யாரும் கெட்டவர்கள் இல்லை. யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். எனக்கு சண்டை நன்றாக வரும். எல்லோரும் நீங்கள் செய்ததுதான் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தால் யாரோடு போடுவது?

அப்பா யூனிஃபார்மைத் துவைத்து, காயவைத்து, தானே இஸ்திரி போட்டார். சட்டை, பேண்ட், தொப்பி, பெல்ட், விசில், டை. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் அடுக்கினார். டையைத் திருப்பிப் பார்த்து, பச்சை நூலை விரலால் தடவினார்.

"இத்த பிரிச்சிடலாமா? யாரு பண்ணதுன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"யாரும் கேக்க மாட்டாங்க நைனா. வுடு."

டையை மடித்து மேலே வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். "நீதான் எழுதுனியா கண்ணு?"

"ஆமா நைனா."

"எதையும் எழுதாதீங்கன்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுப்பியே" என்றார். அவ்வளவுதான். கோபமில்லை, குத்தலில்லை. தெரியாமல் கேட்பதைப் போலவே கேட்டார். அதன்பிறகு கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

டை போய்விட்டது, இனி மூச்சாவது சீராகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஃபேனுக்கு அடியில் பனியனோடு உட்கார்ந்திருக்கும்போதும் அப்பாவின் தோள்கள் அதே மாதிரி ஏறி இறங்குகின்றன. டாக்டரிடம் கேட்டேன். டை கட்டினாலும் கட்டாவிட்டாலும் இது இப்படித்தானம்மா என்றார். இதை முன்னாலேயே போய்க் கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. ஜன்னலில் பார்த்ததே போதும், எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

காலையில் அவர் அதே ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறார். "வூட்டுலதான குந்திகினு கீற, அந்த பட்டனத் தொறந்தா இன்னா?" என்று அம்மா கத்துகிறாள். அவர் காதில் வாங்குவதில்லை. நான் கிளம்பும்போது டிபன் டப்பாவின் மூடியை மட்டும் அழுத்திக் கொடுக்கிறார்.

கேட்டுக்குப் புது ஆள் வந்துவிட்டார். எம்.கே.பி. நகரிலிருந்து வருகிறார். அப்பா வயதுதான் இருக்கும். டை சட்டம் அப்படியே இருக்கிறது, வெளிநாட்டுக்காரர்கள் இன்னும் வந்தபாடில்லை. ஒரு நாள் மாலை அவர் குனிந்து என் பையைத் திறந்தபோது காலர் கொஞ்சம் விலகியது. பின்கழுத்தில் பச்சையாக அந்தக் கம்பளிப்பூச்சி. என் கை தானாக ஸ்கூட்டியின் பிரேக்கை இறுக்கிப் பிடித்தது.

"டை இறுக்குதாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து சிரித்தார். "இல்ல மேடம். மத்தவங்களுக்குத்தான் கழுத்தெல்லாம் செவந்துகினு கீது. யாரோ புண்ணியவான் இத்த லூசாக்கி வச்சிட்டுப் போயிக்கிறான். எனக்கு நல்லா மூச்சு வுட முடியிது." டப்பாவைப் பைக்குள் வைத்து, பையை என்னிடம் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "கேட்டுல ஆளு போட்டுட்டானுங்களா?"

"போட்டுட்டாங்க நைனா."

"டை கட்டிக்கினு கீறானா?"

"கட்டிக்கினு கீறாரு."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "வண்டிக்கி அடில குனியும்போது உள்ள சொருவிக்கச் சொல்லு. மாட்டிக்கப் போவுது."

சொல்றேன் என்றேன். தினமும் காலையில் அந்த மனிதரைத் தாண்டித்தான் போகிறேன். வெளியே தொங்குகிற டையோடு அவர் டிரெய்லருக்கு அடியில் குனிவதை ஜன்னலில் பார்க்கிறேன். அப்பாவிடம் இரண்டு தடவை சொல்லிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டேன். நான் வாயைத் திறந்து அவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.